புகையும் கல்லைக் காணச் சென்றோம்

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டுத் துள்ளாத மாணவியும் உண்டோ? காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்பு மாணவியர் ஒகேனக்கல் செல்லலாம் என்று தலைமைச் சகோதரி அறிவித்தபோது எங்கள் வகுப்பில் எழுந்த ஆரவாரம், பக்கத்து வகுப்பு ஆசிரியையை வாசலுக்கே வரவழைத்துவிட்டது. ஆனால் எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை ஒரு நிபந்தனை விதித்தார்.

"இது கல்விச் சுற்றுலா. போனோம், குளித்தோம், மீன் தின்றோம், வந்தோம் என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. அந்த இடத்துக்கு ஏன் அந்தப் பெயர்? அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? அதை நம்பி வாழ்கிறவர்கள் யார்? மூன்று கேள்விக்கும் விடையோடு வாருங்கள்."

மூன்று கேள்விகளுக்கும் விடை தேடிக்கொண்டோம். ஆசிரியை கேட்காத நான்காவது கேள்வி ஒன்றுக்கும் அங்கே விடை கிடைத்தது. அதை எழுதலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தோம். எழுதத்தான் வேண்டும் என்று முடிவு செய்து, இக்கட்டுரையின் இறுதியில் வைத்திருக்கிறோம்.

பாலாற்றைக் கடந்து

எங்கள் ஊர் பொத்தேரி. ஊரின் பெயரிலேயே ஏரி உண்டு. செங்கற்பட்டுச் சீமையே ஏரிகளுக்குப் பேர் பெற்றது. ஆயினும் கோடை வந்துவிட்டால் குடங்களை வரிசையில் வைத்துத் தண்ணீர் லாரிக்காகக் காத்திருப்பது எங்களில் பலருக்குப் பழகிப்போன காரியம். ஆறு என்று நாங்கள் அறிந்ததெல்லாம், ரயிலில் செங்கற்பட்டைத் தாண்டித் தெற்கே போகும்போது தென்படும் பாலாறு ஒன்றுதான்.

அதிகாலை நான்கு மணிக்குச் செபம் சொல்லிப் பேருந்தில் ஏறினோம். சிங்கப்பெருமாள்கோயில், ஒரகடம், திருப்பெரும்புதூர் வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலையை அடைந்தபோது கிழக்கு வெளுத்தது. ராணிப்பேட்டையைக் கடந்து ஆற்காட்டை நோக்கிச் செல்கையில் ஒரு நீண்ட பாலம் வந்தது. "எந்த ஆறு, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார் ஆசிரியை. ஒருவருக்கும் தெரியவில்லை. அதுவும் எங்கள் பாலாறுதான்! கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தையும் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு வட்டாரங்களைக் கடந்து வயலூருக்கு அருகில் கடலில் சேரும் ஆறு. பாலத்தின் நீளத்துக்கு ஏற்ற அகலம் ஆற்றுக்கு இருந்தது. தண்ணீர் மட்டும் ஓர் ஓரத்தில் வாய்க்கால்போல் ஓடியது. மற்ற இடமெல்லாம் மணலும் முட்செடியும்.

கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தை ஆம்பூர் தாண்டிச் சாலையோரம் அமர்ந்து உண்டோம். கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே தருமபுரி சேர்ந்து, அங்கிருந்து பென்னாகரம் வழியாக மலைச்சாலையில் இறங்கினோம். 'யானைகள் நடமாடும் பகுதி' என்ற எச்சரிக்கைப் பலகைகளைக் கண்டதும் பின்வரிசையில் பாட்டு நின்றுபோயிற்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பைத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு 'காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம்' என்று அறிவித்திருக்கிறது. காட்டில் யானையும் ஆற்றில் முதலையும் நீர்நாயும் வாழும் பகுதி இது.

பெயரும் பாறையும்

பேருந்து நின்றதும் முதலில் கேட்டது ஓசை. மழை கொட்டும் இரவில் தகரக் கூரையின் கீழ் நிற்பதுபோல் இடைவிடாத இரைச்சல். மெயின் அருவியை நெருங்க நெருங்க முகத்தில் பூத்தூறல் விழுந்தது. வானத்தில் மேகமே இல்லை. உயரத்திலிருந்து பாறைமேல் விழும் நீர் பொடிப்பொடியாகச் சிதறி, காற்றில் கலந்து, வெண்புகைபோல் மேலெழுந்துகொண்டிருந்தது. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்பது நம் கல்லேதான். புகையும் கல் என்பதே ஒகேனக்கல் ஆயிற்று. அக்கரை கர்நாடகம், இக்கரை தமிழகம் என்பதால் ஊர்ப் பெயரைக் கன்னடம் தந்தது, அதை நம் நாக்கு திருத்திக்கொண்டது.

இதை 'இந்தியாவின் நயாகரா' என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். எங்களுக்கு அது பிடிக்கவில்லை. நயாகராவை நாங்கள் பார்த்ததில்லை. இதை உள்ளூர் மக்கள் தங்கள் கண்ணால் கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் சாம்பெசி ஆற்றின் மாபெரும் அருவிக்கு 1855-இல் அங்கே சென்ற லிவிங்ஸ்டன், தம் நாட்டு அரசியின் பெயரால் விக்டோரியா என்று பெயரிட்டார். அவ்வூர் மக்களோ அதை முன்னரே 'மோசி ஓவா துன்யா' என்று அழைத்து வந்தனர். 'முழங்கும் புகை' என்பது அதன் பொருள். கடல் கடந்து எங்கோ வாழும் மக்களும் நம்மவரும் ஒரே காட்சியைக் கண்டு புகை என்றே சொல்லியிருப்பதை ஆசிரியை எடுத்துக் கூறியபோது எங்களுக்கு வியப்பாயிருந்தது.

குடகுமலையில் தலைக்காவிரியில் பிறந்து, பூம்புகாரில் கடலோடு கலக்கும்வரை காவிரி ஓடும் தூரம் சுமார் 800 கிலோமீட்டர். ஒகேனக்கல்லில் அது கடினமான பாறைத் தளத்தின்மேல் பல கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. மெயின் அருவி, சினி அருவி, ஐந்தருவி என்று அவற்றுக்குப் பெயர்கள். விழுந்த நீர் மீண்டும் ஒன்றுகூடி, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தில் பாய்கிறது. அகன்று வந்த ஆறு இத்தனை குறுகிய வழியில் அடங்குவது எப்படி என்று கேட்டோம். மேலே அகலத்தில் இருந்தது இங்கே ஆழத்தில் இருக்கிறது என்று விடை வந்தது.

இந்தப் பள்ளத்தை வெட்டியது யார்? தண்ணீர்தான். ஆனால் வெறும் தண்ணீர் அல்ல. ஆறு சுமந்துவரும் மணலும் கூழாங்கல்லும் அரம்போலப் பாறையை அறுக்கின்றன. பாறையில் இருக்கும் வெடிப்புகளின் வழியே நீர் புகுந்து அதை அகலப்படுத்துகிறது. சுழலில் அகப்பட்ட கல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி உரல்போலக் குழி குடைகிறது. அத்தகைய குழிகள் சிலவற்றில் கைவிட்டுப் பார்த்தோம். உட்புறம் எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லைப்போல் வழவழவென்று இருந்தது. குடைந்த கல்லே உள்ளே உருண்டையாகக் கிடந்தது.

பாறைகளின் கதை அதைவிடச் சுவையானது. இந்த வட்டாரத்தில் நைஸ், சார்னோகைட் என்னும் கடும் பாறைகள் உள்ளன. சார்னோகைட் எங்களுக்கு அண்டை வீட்டுக்காரன்! பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் அதே பாறைதான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கு வைத்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அக்கல்லின் இனத்துக்கு ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893-இல் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். தவக்காலத்தில் நாங்கள் படியேறும் பரங்கிமலைப் பாறைக்கு உலகப் பாடநூல்களில் இடம் உண்டு என்பது இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாது.

இவற்றின் வெடிப்புகளில் கார்பனடைட் என்ற அரிய பாறையும் இங்கே காணப்படுகிறது. கார்பனேட் என்றதும் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லே நினைவுக்கு வரும். இதுவோ பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக எழுந்து இறுகியது. இன்றும் அவ்வகைக் குழம்பைக் கக்கும் எரிமலையாக அறியப்பட்டது தான்சானியா நாட்டின் ஓல்டோயின்யோ லெங்காய் ஒன்றுதான். ஒகேனக்கல் கார்பனடைட்டின் வயதை ஆராய்ந்தவர்கள் சுமார் 240 கோடி ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். டைனோசர்கள் மறைந்து ஆறரைக் கோடி ஆண்டுதான் ஆகிறது என்பதை நினைத்தால், நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பாறையின் முதுமை ஓரளவு விளங்கும்.

பரிசல்

உயிர்காப்பு உடை அணிந்த பிறகே பரிசலில் ஏறலாம் என்பது அங்கே விதி. எங்களில் நீச்சல் தெரிந்தவர்கள் மூவர் மட்டுமே ஆகையால் விதியை யாரும் எதிர்க்கவில்லை.

பரிசல் என்பது மூங்கிலால் முடைந்த பெரிய கூடை. குறுக்களவு ஏழடி இருக்கலாம். முற்காலத்தில் அடியில் தோல் போர்த்துவார்கள்; இப்போது நெகிழித் தாளைப் போர்த்துத் தார் பூசுகிறார்கள். படகுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. பரிசலுக்கு இரண்டும் இல்லை. அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் அளவு நீரிலும் மிதக்கும். பாறையில் மோதினாலும் மூங்கில் வளைந்து கொடுக்கும். பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பால் நீரைத் தம் பக்கம் இழுக்க இழுக்கப் பரிசல் முன்னேறுகிறது. கொஞ்சம் விட்டால் தட்டாமாலைபோல் சுற்றுகிறது. ஆற்றோடு இறங்கிப் போனவர்கள் அதே பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரைவழியே நடந்து திரும்புகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கால் முளைத்த குடை ஒன்று நடந்து வருவதுபோல் இருக்கும்.

எங்கள் பரிசலை ஓட்டிய பெரியவர் பாறைச் சுவர்களுக்கிடையே அழைத்துச் சென்றார். இருபுறமும் பாறை, மேலே நீளமாக ஒரு துண்டு வானம், கீழே கரும்பச்சை நீர். யாரும் பேசவில்லை. பரிசலின் அடியில் நீர் உரசும் ஓசை கேட்டது. சற்று நேரம் கழித்து ஒருத்தி, "தாத்தா, வெள்ளம் வந்தால் உங்களுக்கு நல்ல வருமானம் இருக்குமா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார்.

"வெள்ளம் வந்தா பரிசலை ஓட்டக்கூடாதுன்னு தடை போட்டுருவாங்க, பாப்பா. தண்ணி வத்திப்போனாலும் ஓட்ட முடியாது. ரொம்ப வந்தாலும் பட்டினி, வராமப் போனாலும் பட்டினி. அளவா வந்தாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும்."

மூன்றாவது கேள்விக்கு முதல் விடை அவரிடம் கிடைத்தது. பரிசல் ஓட்டுபவர்களைத் தவிர, மீன் பிடிப்பவர்கள், கட்லாவும் கெளுத்தியும் வறுத்து விற்கும் பெண்கள், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர்கள் என்று ஊரே அந்தப் 'அளவை' நம்பி வாழ்கிறது.

அளந்துவிடும் ஆறு

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று பாட்டி சொல்வார். இங்கே ஆற்றையே அளக்கிறார்கள். ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலு என்ற இடத்தில் மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீரைக் கணக்கிடுவது அங்கேதான். 1990-இல் அமைந்த நடுவர் மன்றம் 2007-இல் தன் இறுதித் தீர்ப்பில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. நீர் அங்கே வந்து சேரவேண்டும் என்றது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 டி.எம்.சி. என்று திருத்தியது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,831 கோடி.

நாங்கள் சென்ற அன்று வினாடிக்கு 6,000 கன அடி நீர் வருவதாகச் சொன்னார்கள். உடனே ஆசிரியை ஆற்றங்கரையிலேயே ஒரு கணக்குப் போடச் சொன்னார். ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆகவே வினாடிக்கு ஏறக்குறைய 1,70,000 லிட்டர். எங்கள் தெருவுக்கு வருவது 12,000 லிட்டர் லாரி என்று வைத்துக்கொண்டால், கண் இமைக்கும் நேரத்தில் பதினான்கு லாரித் தண்ணீர் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது! லாரி வந்ததும் குடத்தோடு ஓடும் எங்களுக்கு அந்தக் கணக்கு மனத்தில் நன்றாகவே பதிந்தது.

இவ்வளவும் எங்கே போகிறது? நேரே மேட்டூருக்கு. 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடித்த அணை அது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி. அணை கட்டியபோது பல சிற்றூர்கள் நீரில் மூழ்கின. நீர் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் பழைய கோயிலின் நந்தியும், கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டுகின்றன. அவை தெரிந்தால் கீழே டெல்டா உழவர்களுக்குக் கவலைக் காலம். மூழ்கினால் மகிழ்ச்சிக் காலம். தம் ஆலயத்தையும் கோயிலையும் விட்டு வெளியேறியவர்கள் எத்தனை வயல்களுக்கு வழிவிட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தோம்.

மேட்டூரிலிருந்து முக்கொம்பு, அங்கிருந்து கல்லணையும் கொள்ளிடமும். கொள்ளிடத்தில் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும் காவிரி நீர் போகிறது. அந்த ஏரியிலிருந்து சுமார் 235 கிலோமீட்டர் குழாய்வழியே நாளுக்கு 18 கோடி லிட்டர் வரை சென்னைக்குக் கொண்டுவரும் திட்டம் 2004-இல் நடைமுறைக்கு வந்தது. எனவே நாங்கள் ஒகேனக்கல்லில் கண்ட நீரில் ஒரு பங்கு எங்களுக்கு முன்பாகவே சென்னைக்குப் பயணம் புறப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

நான்காவது கேள்வி

இனி நாங்கள் எழுதத் தயங்கிய பகுதி.

எங்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தி பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு சேர்ந்தாள். அவள் பெயரை எழுதவேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். அவளுடைய முன்பற்களில் பழுப்பு நிறக் கோடுகள் இருக்கும். பல் விளக்காதவள் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஒருநாள் அவள் மேசைக்குள் யாரோ ஒரு பற்பொடிப் பொட்டலத்தை வைத்துவிட்டார்கள். அவள் அதை எடுத்துப் பார்த்தாள், பைக்குள் வைத்துக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் சிரித்தோம்.

அன்றிரவு தருமபுரியில் ஒரு கன்னியர் மடத்தில் தங்கினோம். இரவு உணவின்போது அங்கே செவிலியராகப் பணிபுரியும் சகோதரி ஒருவர், "இந்தத் தண்ணீரைத் தைரியமாகக் குடியுங்கள், ஒகேனக்கல் தண்ணீர்தான்" என்றார். தண்ணீர் குடிக்கத் தைரியம் எதற்கு என்று கேட்டோம். அவர் விளக்கினார்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடியில் இருப்பதும் கடும் பாறைதான். அதில் உள்ள சில கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, நகராமல் நெடுங்காலம் தங்கும்போது அந்த ஃபுளோரைடு நீரில் கரைகிறது. ஆழ்துளைக் கிணறு போட்டு அந்நீரை எடுத்துக் குடித்தால் உடலில் சேர்கிறது. மிகச் சிறிய அளவு பல்லுக்கு நல்லது. ஆனால் நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு வழியே இல்லாவிடில் 1.5 வரை ஏற்கலாம். அதற்கு மேல் போனால், குழந்தைப் பருவத்தில் ஈறுக்குள் பல் உருவாகும்போதே அதன் மேற்பூச்சு கெட்டு, வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழுகின்றன. எவ்வளவு விளக்கினாலும் அக்கறை போகாது. பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளைந்துவிடுகிறது. காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை. நீர் ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் செறிவாகும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக விவரமாக அறிவிக்கப்பட்டது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில்.

ஓடும் ஆற்று நீர் பாறைக்குள் தங்குவதில்லை. எனவே அதில் ஃபுளோரைடு குறைவு. அதனால்தான் ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்துச் சுத்திகரித்து, மேட்டுநிலத்தில் இருக்கும் இவ்விரு மாவட்டங்களுக்கும் இறைத்து அனுப்புகிறார்கள். ஜப்பானியக் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில், 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அத்திட்டம் 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது.

சகோதரி பேசி முடிக்கும்போது எங்களில் ஒருவரும் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. எங்கள் தோழிதான் பேசினாள்.

"எங்க ஊருக்கு அந்தக் குழாய்த் தண்ணி நான் மூணாவது படிக்கும்போதுதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்லாரும் போர்த் தண்ணிதான். எங்க பாட்டியால முதுகை நிமிர்த்த முடியாது. படுக்கும்போதும் ஒருக்களிச்சுத்தான் படுப்பாங்க. என் தம்பிக்கு அப்போ ரெண்டு வயசு. அவனுக்குப் பல்லெல்லாம் வெள்ளையா இருக்கு."

சிறிது நேரம் கழித்து மேலும் சொன்னாள்: "அந்தப் பற்பொடியை நான் தேச்சுப் பார்த்தேன். ஒருவேளை போயிடுமோன்னு."

எங்களில் பலர் அழுதுவிட்டோம். அவள் அழவில்லை. பொட்டலத்தை வைத்தவள் அன்றிரவே அவளிடம் சென்று ஒப்புக்கொண்டாள். அவள் யார் என்பதை இங்கே எழுதவில்லை. வைத்தவள் ஒருத்திதான், சிரித்தவர்கள் அனைவரும். ஆகையால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

பகலில் பார்த்த பாறையை அன்றிரவு மீண்டும் நினைத்துக்கொண்டோம். அருவிக்கு அழகு தந்தது அந்தக் கடும் பாறை. அதே இனத்துப் பாறை, சில மைல்களுக்கு அப்பால், ஒரு மூதாட்டியின் முதுகை வளைத்திருக்கிறது. நாங்கள் கண்கொள்ளாமல் பார்த்து மகிழ்ந்த தண்ணீரை, பக்கத்திலேயே இருந்தும் ஒரு குடம் பெற முடியாமல் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். ஆறு அருகில் ஓடுவது ஒன்று. அது வீட்டுக் குடத்துக்கு வந்து சேர்வது வேறொன்று. இதுவே நாங்கள் கற்ற பாடம்.

வந்த பின்

மறுநாள் திரும்பும் வழியில் பாலாற்றுப் பாலத்தில் யாரும் சொல்லாமலே எல்லாரும் சன்னல் பக்கம் திரும்பினோம்.

பள்ளிக்கு வந்ததும் மூன்று காரியங்கள் செய்தோம். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைப் புட்டிகளில் சேகரித்து, அறிவியல் ஆசிரியையின் துணையோடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறோம். ஃபுளோரைடு பற்றி ஒரு படவிளக்கம் தயாரித்து ஆறாம் வகுப்புத் தங்கைகளுக்குப் பாடம் நடத்தினோம். பாடத்தை நடத்தியவள் எங்கள் தோழி. மூன்றாவது, ஒருவரின் பல்லையோ நிறத்தையோ நடையையோ கண்டு சிரிக்கும் முன், அவர் எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார் என்று கேட்பது என உறுதி எடுத்துக்கொண்டோம். முதலிரண்டும் எளிதாயிருந்தன. மூன்றாவதற்கு நாள்தோறும் முயற்சி தேவைப்படுகிறது.

அருவியின் முன் நாங்கள் எடுத்துக்கொண்ட குழுப்படம் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. அதில் இடது ஓரத்தில் நிற்கும் எங்கள் தோழி வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். இப்போதும் சில வேளைகளில் அப்படித்தான் சிரிக்கிறாள். "பழகிப்போச்சு, மெதுவாத்தான் போகும்" என்கிறாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

அன்புத் தங்கையரே, அடுத்த ஆண்டு நீங்களும் புகையும் கல்லைக் காணச் செல்வீர்கள். ஆசை தீரக் குளியுங்கள், பரிசலில் செல்லுங்கள், பெரியவர் சொல்லும் கதைகளைக் கேளுங்கள். வினாடிக்கு எத்தனை லாரி என்று கணக்குப் போடவும் மறவாதீர்கள். பிறகு, ஒரு குவளைத் தண்ணீரைக் கையில் எடுக்கும்போது அது யார் யாரைக் கடந்து உங்களிடம் வந்தது என்று ஒரு நொடி நினையுங்கள்.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில்